பாகம் பிரியாத உருப்படி

பங்குச் சாமியார் முன்னால் பங்கு பிரித்தபோது
அடுப்பு எனக்கு, அலமாரி தனிஸ்லாசுக்கு.
கோழிகள் ஒற்றைப்படையில் வந்ததால்
ஒன்றைக் குழம்பு வைத்துச் சரிக்கட்டினோம்.
ரெட்டை சைக்கிளை மட்டும்
யாராலும் அறுக்க முடியவில்லை.

ஏரிக்கரையில் வாடகைக்கு ஓடிச் சலித்த வண்டி.
இரண்டு சீட்டு, நான்கு பெடல்,
கடன் மட்டும் ஒன்று.
ஆகவே இன்றைக்கும் விடிகாலை ஐந்தரைக்கு
நாயுடுபுரத்து பேக்கரி வாசலில்
ஒருவரையொருவர் பார்க்காமல்
வந்து நிற்கிறோம்.

பேசுவதில்லை என்று முடிவு.
வண்டி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.
"ஏறு." "மிதி." "விடு." "பள்ளம்." "நிறுத்தறேன்."
ஐந்து சொல்.
எட்டு வருஷக் குடித்தனத்தில்
எதையும் இப்படி முன்கூட்டி
அவர் எனக்குச் சொன்னதில்லை.

பாரம் கட்டுவது என் வேலை.
பன் பெட்டி லேசு, அது மேலே.
ரொட்டி அடுக்கு கீழே, அச்சுக்கு முன்னால் தள்ளி,
இரண்டு பக்கமும் எடை பார்த்து.
பின்னுக்குப் போனால் வளைவில் வால் ஆடும்.
கட்டிய டியூபின் நுனி தொங்கக் கூடாது,
என் துப்பட்டாவும்தான்.

சங்கிலி இரண்டு.
வலது பக்கத்தது சக்கரத்தை இழுக்கும்.
இடது பக்கத்தது எங்கேயும் போகாது,
அவர் காலை என் காலோடு கட்டும், அவ்வளவுதான்.
அதைத்தான் சனிக்கிழமைதோறும்
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன்.
நடுவில் அழுத்தினால் அரை விரற்கடை தொய்யணும்,
ரொம்பத் தொய்ஞ்சா நழுவும்,
ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும் என்றான்
மூஞ்சிக்கல் பீர்முகமது.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல்
ஸ்பேனரைத் தேடினான்.

முன்னால் அவருக்கு ஹேண்டில், கியர், இரண்டு பிரேக்கு,
சாலை முழுக்க.
எனக்கு அவர் முதுகு.
பழுப்பு ஸ்வெட்டரில் தோளோரம் தையல் விட்டிருக்கிறது.
நான் தைப்பதாக இல்லை.

போன மார்கழி. செண்பகனூர் இறக்கம்.
பனி, திரிந்த பால்போல் கட்டி கட்டியாக.
அவர் பிடித்த பிரேக்கை விடாமல் வந்தார்.
ரிம் சூடேறும் வாசனை,
தோசைக்கல்லில் ரப்பர் விழுந்ததுபோல்.
விட்டு விட்டுப் பிடி,
கட்டை தேய்ந்திருக்கிறது, மாற்று என்று
வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம் நான்.
அது ஐந்து சொல்லுக்குள் இல்லை.

மூன்றாம் வளைவில் காட்டுமாடு.
நடுரோட்டில், குறுக்கே,
பஞ்சாயத்து ஆபீஸ்போல் நின்றது.
அவர் கை இறுகியது.
சக்கரம் இறுகவில்லை.

பின் சக்கரத்து டிரம் பிரேக்கின் பிடி
என் இடது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.
"பாரத்தோட இறங்கறீங்க,
அக்கா கையிலயும் ஒண்ணு இருக்கட்டும்"
என்று பீர்முகமது வைத்துக் கொடுத்தது.
இழுத்தேன்.
ஒரேயடியாக அல்ல,
மாவுக்குத் தண்ணீர் விடுவதுபோல்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
இரண்டு ஆள், நாற்பது கிலோ ரொட்டி,
எல்லாம் ஒரு கேபிளில் வந்து நின்றது.
மாட்டின் மூச்சு முன்விளக்கில் படிந்தது.

அவர் திரும்பவில்லை.
முதுகு மட்டும் ஏறி இறங்கியது.
மாடு நெடுநேரம் யோசித்துவிட்டு
சீகைமரங்களுக்குள் போனது.
பிறகு சொன்னார்: "விடு."
பிரேக்கையா என்று நான் கேட்கவில்லை.
விட்டேன்.

அன்று சாயங்காலமே கட்டை மாற்றினோம்.
அவர் பங்குப் பணம் என் சீட்டின் மேல் கவரில் இருந்தது,
பதினைந்து ரூபாய் கூடுதலாக.
மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது ஆறு சொல்.
ஆறாவது என்னுடையது: "தேயுது."
சொன்னால் ஓரங்கட்டுகிறார்,
காலை அகட்டி ஊன்றுகிறார்,
நான் இறங்கும்வரை வண்டியைப் பிடித்திருந்துவிட்டுக்
குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறார்.

ஸ்வெட்டரில்
இன்னும் நாலு கண்ணி விட்டிருக்கிறது.